அளவு மாறாமல்

ரேணுகாதேவி தம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தினமும் காலையில் நடப்பதுதான். இருந்தாலும், தான் குடிப்பதை இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. கண்ணாடித் தம்ளருக்குள் பாசி பிடித்த ஊருணித் தண்ணீர் மாதிரி அடர்பச்சையாக இருந்தது. முருங்கை இலை, கோதுமைப் புல், இன்னும் பெயர் வாயில் நுழையாத ஏதேதோ இலைகளைக் காயவைத்து அரைத்த பொடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அப்படிக் காட்டச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் மகன் ராம்குமார் பால் குடித்து முடித்ததும் அவளிடம் அப்படித்தான் காட்டுவான். அந்தப் பழக்கம் எப்படியோ இப்போது அவள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ராம்குமார் அவள் தோளை அணைத்தபடி நின்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

"எங்கம்மாவைப் பாருங்க. போன வருசம் இவுகளால மாடி ஏற முடியாது. நெஞ்சு படபடன்னு அடிச்சு, நடுவுலயே உக்காந்துருவாக. காலம் பூரா மாத்திரை போடணும்னு மதுரையில சொல்லிட்டாங்க. இன்னைக்கி ஒரு இங்கிலீஷ் மாத்திரை கிடையாது. நீங்களே பாத்துக்கோங்க, ஆளு எப்படி இருக்காகன்னு."

பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முகத்தை, கழுத்தை, மூச்சு வாங்குகிறதா என்று நெஞ்சுப் பக்கத்தை. அவள் சிரித்தாள். சிரிப்பதைத் தவிர அந்த இடத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை.

அருப்புக்கோட்டை பஜாரில் அந்தக் கடை அவள் புருஷன் மாரிக்கண்ணன் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்ற கடை. அவர் இறந்த பிறகு ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. ராம்குமார் திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, சுவரைச் சுரண்டி இளம்பச்சை அடித்து, பெஞ்சு போட்டு, வாசலில் ஊட்டச்சத்து மையம் என்று போர்டு மாட்டினான். எவ்வளவு சுண்ணாம்பு அடித்தும், வானம் மூடிக்கொண்டு நிற்கிற நாட்களில் சுவருக்குள்ளிருந்து புண்ணாக்கு வாசம் கசிந்து வரும். அப்போதெல்லாம் அவளுக்கு, அவர் உள்ளே எங்கோ மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியில் தண்ணீர் விழும்படி குழாயைத் திறந்துவிட்டாள். சீயக்காய்த்தூள் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்தாள். தகட்டைக் கிழித்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தம் குழாய்ச் சத்தத்தில் அமுங்கிப்போகும். நெஞ்சின் ஓட்டத்தை மட்டுப்படுத்த ஒன்று, ரத்தம் உறைந்து கட்டியாகிவிடாமல் இருக்க ஒன்று. உள்ளங்கையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விழுங்கினாள். சொந்த வீட்டில் திருடியைப் போல நின்று மருந்து சாப்பிடும்படி ஆகும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கதவைத் திறந்தால் மருமகள் பிரவீணா வெந்நீர்த் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தொண்டையில ஒட்டுன மாதிரி இருக்கும்ல அத்தை, குடிங்க."

பச்சைத் தண்ணீரைச் சொல்கிறாளா, மாத்திரையைச் சொல்கிறாளா என்று அவள் கேட்கவில்லை. பிரவீணாவுக்குத் தெரியும். தெரியும் என்பது ரேணுகாதேவிக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒருமுறை, உளுந்து கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "அவுக முகத்துல இப்பத்தான் வெளிச்சம் வந்திருக்கு அத்தை," என்றாள். அவ்வளவுதான். கெஞ்சலா எச்சரிக்கையா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல்.

மாரிக்கண்ணன் இறந்த வருடமே அவளுக்கு அந்த நோய் வந்துவிட்டது. மல்லாங்கிணற்றில் ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு தடம் மாறியது. வலி கிடையாது. சல்லடையில் பருத்திக்கொட்டையைக் கொட்டி யாரோ உள்ளே குலுக்குவது போலிருந்தது. தாளம் இல்லாத ஓட்டம். இலையில் வைத்த அப்பளம் கண்முன்னே மங்கிப்போனது. மதுரையில் ஒரு பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் வந்துபோன காய்ச்சல் ஒன்று வால்வைச் சுருக்கி வைத்திருக்கிறது என்றார். "இதயத்தோட மேலறை துடிக்கலம்மா, நடுங்குது. நடுங்குற இடத்துல ரத்தம் தேங்கும். தேங்குனா உறையும். உறைஞ்ச துணுக்கு மூளைக்குப் போச்சுன்னா வாதம். அதனால இந்த மாத்திரையை நீங்க ஒருநாளும் விடக்கூடாது." மாதாமாதம் ரத்தம் சோதிக்க வேண்டும், கீரையை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், ஒருநாள் நிறைய ஒருநாள் இல்லை என்று இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

ராம்குமார் அப்போதுதான் வந்து சேர்ந்தான். திருப்பூரில் அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். முகம் கறுத்து, தாடி வளர்ந்து, பகலெல்லாம் படுத்தே கிடந்தான். கூடப் படித்த ஒருவன் மதுரையில் ஏதோ சத்துப்பொடிக் கம்பெனிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "யம்மா!" என்று கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் கொண்டுவந்த முதல் டப்பா அவளுக்காகத்தான். விற்பதற்கு இல்லை.

அதைத்தான் யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று அவள் நினைப்பாள். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவளுக்காகப் புத்தகம் வாங்கிப் படித்தான், போனில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான். உப்பைக் குறைத்தான். காப்பியை நிறுத்தினான். ஊறுகாய்ப் பாட்டிலைத் தெருவில் கொட்டினான். மீன் எண்ணெய் மாத்திரை, மெக்னீசியம் மாத்திரை என்று வேளாவேளைக்குக் கையில் கொடுத்துத் தண்ணீரோடு நின்றான். சாயங்காலம் கூடவே நடந்தான். அவள் உடம்பு இளைத்தது. தூக்கம் வந்தது. படபடப்பு எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, "இனி அந்த இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம்மா. உடம்பு தன்னால சரியாயிருச்சு," என்றான். அவன் கண்கள் அப்படி மின்னின. "சரிப்பா," என்று சொல்லிவிட்டாள்.

உண்மையாகவே நிறுத்தவும் செய்தாள். மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு அரிசி களையும்போது சல்லடை குலுங்க ஆரம்பித்தது. சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, மூளைக்குப் போகிற துணுக்கு எப்படியிருக்கும், கடுகளவா, உளுந்தளவா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடங்கியதும் மருந்துக்கடைக்குப் போய் அட்டைகளை வாங்கி வந்தாள். அவனிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்குள் அவன் கடைக்குப் பெயின்ட் வாங்கி வந்துவிட்டான்.

பரளச்சியிலிருந்து வெள்ளைத்தாய் வந்தது தை பிறந்த பிறகு. பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி வீட்டு மனுஷி. ரேணுகாதேவியைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் வீரணன் வாசலிலேயே நின்றுகொள்ள, இவள் பையோடு உள்ளே வந்து நேராக ரேணுகாதேவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தட்டாங்காய் ஒரு கை அள்ளி அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

"எனக்கும் உங்க சீக்குத்தான் தாயி. நெஞ்சு கண்ட மேனிக்கு ஓடும். பெரியாஸ்பத்திரியில சின்ன மாத்திரை ஒண்ணு குடுத்துருக்காக. அதைப் போட்டா பருத்தி எடுக்கையில மாருக் குச்சி கீறுனாக் கூட ரத்தம் நிக்க மாட்டேங்குது. மாசம் பிறந்தா ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும். வெறுத்துப் போச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டு முகத்தருகே குனிந்தாள். "மெய்யாலுமே நீங்க மாத்திரையை விட்டுட்டீகளா?"

ராம்குமார் பக்கத்தில்தான் நின்றான். பொடியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. அவன் பயந்து நிறுத்தவில்லை; அம்மா சொல்லப்போவதைக் கேட்கிற ஆசையில் நிறுத்தினான்.

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன் அக்கா," என்றாள் ரேணுகாதேவி.

அது பொய் இல்லை. பிறகு அந்த வார்த்தையை நூறு விதமாகத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொய் இல்லை. வெள்ளைத்தாய் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாசியில் அவள் மறுபடி வந்தபோது கூடவே அவள் தெருப் பெண்களும் வந்தார்கள். "மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன் தாயி! கை கால் எல்லாம் லேசாக் கிடக்கு," என்று சத்தம் போட்டுச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ராம்குமார் செல்போனில் படம் எடுத்தான். ஒருபக்கம் வெள்ளைத்தாய், ஒருபக்கம் அம்மா, நடுவில் பச்சைத் தம்ளர். அந்தப் படத்தில் தன் முகம் எப்படி விழுந்திருக்கும் என்று பார்க்க ரேணுகாதேவிக்குத் தைரியம் வரவில்லை.

திருமங்கலத்தில் இருக்கிற தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அவள் மாதாமாதம் மதுரைக்குப் போவது. அந்த முறை ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"விடாமப் போடுறேன் டாக்டர்."

"பின்ன ஏன் வேலை செய்யல? கீரை நிறையச் சாப்பிடுறீங்களா?"

அவள் பொடியைச் சொன்னாள். மகன் என்று சொல்லவில்லை, வீட்டில் கொடுக்கிறார்கள் என்றாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போனவரைப் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்தப் பொடி பூராம் பச்சிலை. இந்த மாத்திரை எதைக் குறைக்குதோ அதை அது கூட்டிக்கிட்டே இருக்கு. முதல்ல பொடியை நிறுத்துங்க."

"நிறுத்த முடியாது டாக்டர்."

ஏன் என்று அவர் கேட்டார். அவள் மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

"அப்பக் கேட்டுக்கோங்க. இனி ரெண்டும் ஒரே அளவா, அளவு மாறாம இருக்கணும். மாத்திரையை விட்டா உறையும். பொடியைத் திடீர்னு விட்டா, இந்த அளவு மாத்திரைக்கு ரத்தம் ரொம்ப இளகிப்போகும், பல்லுலருந்து மூளை வரைக்கும் எங்க வேணா கசியும். ரெண்டுல எதையும் உங்க இஷ்டத்துக்கு விட முடியாது. புரியுதா?"

புரிந்தது. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிற கயிற்றின் நடுவில் தன் ரத்தம் நிற்கிறது, எவர் கையை விட்டாலும் விழப்போவது தான்தான் என்று புரிந்தது. எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, இதே சீக்கு. மாத்திரையை நிறுத்திட்டா. நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருக்கா..."

"நல்லாத்தான் நடமாடுவாங்க," என்றார் டாக்டர். "விழுகுற அன்னைக்கி வரைக்கும்."

அருப்புக்கோட்டையில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பரளச்சி பஸ் கிளம்ப நின்றிருந்தது. யோசித்தால் ஏறமாட்டோம் என்று தெரிந்து யோசிக்காமல் ஏறிவிட்டாள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அறுத்து முடித்த சோளத்தட்டை, அதைத் தாண்டிச் சீமைக்கருவேலம், மறுபடி கரிசல். பிரவீணா இரண்டுமுறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

வெள்ளைத்தாய் பருத்திக் காட்டில் இருந்தாள். ஊருக்குள் கேட்டு, வண்டிப்பாதையில் நடந்து போய்ச் சேருவதற்குள் ரேணுகாதேவிக்கு மூச்சு முட்டியது. மடியில் பருத்தி நிறைந்து கர்ப்பிணி போல நின்றவள் இவளைப் பார்த்ததும், "அடி ஆத்தே, வாங்க தாயி! போன் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல," என்று வரப்புக்கு ஓடிவந்தாள். ஓடாதீர்கள் என்று சொல்ல ரேணுகாதேவி வாயெடுத்தாள். அதற்குள் வெள்ளைத்தாய் அவளை வேலிக்கருவேல நிழலில் உட்கார வைத்து, தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே ரேணுகாதேவி பேச்சை ஆரம்பிக்க முயன்றாள். பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கடைசியில் பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். புதிய அளவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை; சோதனை நாளில் டாக்டரைப் பார்த்த பிறகுதான் அன்றைய மாத்திரையைப் போடுவாள். இங்கே மறைப்பதற்குக் குழாய்ச் சத்தம் இல்லை. தகடு கிழிந்த சத்தம் அந்தக் காட்டின் அமைதியில் சுள்ளி முறிவது போலக் கேட்டது. வாயில் போட்டு, வெள்ளைத்தாய் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

வெள்ளைத்தாய் அட்டையை வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த நிறமும் அளவும் அவளுக்குத் தெரியும்.

"இது... அந்தச் சின்ன மாத்திரைல?"

"ஆமாக்கா."

"எப்பருந்து மறுபடிக்கும்?"

"நான் விடவே இல்லக்கா. ஒருநாள் விட்டேன். பயந்துட்டேன்."

வெள்ளைத்தாய் மடியிலிருந்த பருத்தியில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள். "அன்னைக்கி நான் உங்க காதுக்குள்ளதான கேட்டேன். ஏன் தாயி சொல்லல?"

"என் மகன் பக்கத்துல நின்னான்."

அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று ரேணுகாதேவிக்குத் தெரிந்தது. ஆனால் வெள்ளைத்தாய் அதைச் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை மெல்ல ஆட்டினாள். டாக்டர் சொன்னதை எல்லாம் ரேணுகாதேவி சொன்னாள். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நீங்களா எதையும் ஆரம்பிக்காதீக. பொடி குடிச்சதைச் சொல்லி, ரத்தம் குடுத்துப் பாத்துட்டு, அவுக சொல்ற அளவு போடுங்க." எல்லாவற்றுக்கும் வெள்ளைத்தாய் சரி சரி என்றாள். ரேணுகாதேவிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. எழுந்து சேலையைத் தட்டிக்கொள்ளும்போது வெள்ளைத்தாய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"தாயி, ஒண்ணு மட்டும். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"எதுக்குக்கா?"

"எங்க தெருவுல பாதிப்பேரை நான்தான கூட்டிட்டு வந்தேன். என் நாத்தனா சக்கரை மாத்திரையை விட்டுட்டா. என் கொழுந்தன் மகளை உங்க மகன் சேத்துவிட்டிருக்காரு, அவளும் இப்ப ஊரூராப் பொடி விக்கிறா. இப்பப் போயி நான் மாத்திரை போடுறேன்னு சொன்னா என்னைய என்னன்னு நெனைப்பாக? நான் போட்டுக்கிடுறேன். யாருக்கும் தெரியாமப் போட்டுக்கிடுறேன்." அவள் சிரிக்க முயன்றாள். "நீங்க எங்க வச்சிருக்கீக வீட்டுல?"

ரேணுகாதேவி இந்த மனுஷியை அவிழ்த்துவிடத்தான் வந்தாள். தன் கயிற்றிலேயே ஒரு முனையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். நாத்தனாருக்காவது சொல்லிவிடுங்கள் என்று வண்டிப்பாதை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெள்ளைத்தாய் அதற்கு மட்டும் சரி என்று சொல்லவில்லை. "பாப்போம், பாப்போம்," என்றாள். பஸ் ஏற்றிவிடும்போது கொஞ்சம் பருத்தியை எடுத்துக் கையில் திணித்தாள், விளக்குத் திரிக்கு ஆகும் என்று.

வீட்டுக்கு வந்தபோது ராம்குமார் வாசலிலேயே நின்றான். "எங்கம்மா போனீக? பயந்தே போயிட்டேன்," என்றான். தங்கச்சி வீட்டில் நேரமாகிவிட்டது என்றாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் காலைத் திண்டு மேல் எடுத்து வைத்து, பாதம் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பெரிய கூட்டம்மா. கம்பெனியில எனக்குப் பதவி தராங்க. மதுரையிலருந்து பெரியவங்க வாராங்க. நீங்கதான் மேடையில பேசணும்," என்று சொல்லும்போது அவன் கட்டைவிரல் அவள் குதிகாலை இதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சமையல்கட்டு வாசலில் பிரவீணா கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளும் அந்தக் குரலைக் கேட்டவள் போல.

"உனக்குக் கால் வலிக்கும், எந்திரிப்பா," என்றாள் ரேணுகாதேவி.

மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போல நாற்காலி போட்டு, மேடையில் பலூன் தோரணம் கட்டியிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்தவர் அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். ராம்குமாருக்குச் சால்வை போர்த்தினார்கள். நெஞ்சில் ஒரு வில்லை குத்தினார்கள். அப்பா செத்த அன்று அழாதவன் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதலில் வெள்ளைத்தாயைப் பேசக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவள் கையைத் தழையவிட, ராம்குமார் அதைப் பிடித்து வாய்க்கு நேராக உயர்த்திவிட்டான்.

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்," என்றாள் வெள்ளைத்தாய். இறங்கிப் போகும்போது ரேணுகாதேவியைப் பார்க்காமல் போனாள். அவள் சேலைத் தலைப்பு விலகிய கையில், ஊசி குத்தி ரத்தம் எடுத்த இடத்தில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்ததை ரேணுகாதேவி பார்த்தாள்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். மண்டபமே எழுந்து நின்றது போல இருந்தது. ராம்குமார் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். யாராவது கேள்வி கேட்கலாம் என்று கோட்டுக்காரர் சொன்னார். முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் எழுந்தாள். கல்லூரி முடித்திருக்கலாம். பெயர் கிருஷ்ணப்ரியா என்று சொன்னாள். பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. மூச்சை அளந்து அளந்து விட்டபடி உட்கார்ந்திருக்கிற விதம். அந்த விதத்தை ரேணுகாதேவி உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கம்மாவுக்கும் உங்களுக்கு வந்த அதேதான் ஆன்ட்டி. எனக்கு எங்கம்மாவை விட்டா யாரும் கிடையாது," என்றாள் அந்தப் பெண். "மாத்திரையை நிறுத்திரலாமான்னு எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னா நிறுத்திருவோம்னு உங்களைப் பாக்கத்தான் வந்தோம். நிறுத்திரலாமா?"

ரேணுகாதேவி அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை. மகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுகிற முகம். ஆண்டவன் புண்ணியத்துல என்று ஆரம்பிக்க உதடு தானாகக் கூடியது. நெஞ்சுக்குள் சல்லடை மெல்ல அசைந்தது. அவளை அறியாமலே மைக் பிடித்திருந்த கை வயிற்றருகே இறங்கியிருந்தது.

"நிறுத்தாதம்மா," என்றாள். "நான் நிறுத்தல. இன்னைக்கிக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

முன்வரிசையில் அந்தப் பெண்ணின் வாய் லேசாகத் திறந்தது. அவள் அம்மாவின் கை நீண்டு மகளின் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. உதடு அசைந்ததைத்தான் பார்த்தார்கள். வழக்கம்போல நல்ல வார்த்தை ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று கோட்டுக்காரர் கைதட்ட, பின்னாலிருந்து அலை அலையாகக் கைதட்டல் கிளம்பி வந்தது.

ராம்குமாருக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது, அணைக்க மறந்துபோன விளக்கைப் போல. கைதட்டலுக்குள் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரலில் கேட்டான்.

"அப்ப நான் குடுத்ததும்மா?"

"நீ குடுத்ததையும் ஒருநாள் விடலப்பா," என்றாள். "ரெண்டையும்தான்."

கைதட்டல் ஓயவில்லை. மைக்கில் சொல்லுங்கம்மா, சத்தமாச் சொல்லுங்க என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ராம்குமாரின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மைக்கை வாய்க்கு நேராக உயர்த்திவிடவா, இல்லை பிடுங்கிக்கொள்ளவா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் உயர்த்தவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. அவன் விரல்களுக்கு அடியில் அவள் நாடி நின்று, தாவி, தடுக்கி, மறுபடி ஓடியது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.